காகிதத்தில் மூன்று ஓட்டைகள்

“கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு,” என்றார் ஹார்லன் ஸ்ட்ராண்ட்.

அவர் கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. துப்பாக்கி செய்கிற வென்டெல் கேட்டது குழல் எவ்வளவு தடிமனாக வேண்டும் என்று. அந்தத் துப்பாக்கிக் கொட்டகையில் அவர்கள் இரண்டு பேரை விட்டால் ஒரு கிழட்டு நாய்தான் இருந்தது. அதுவும் கேட்கவில்லை.

வென்டெல் கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“நல்லா இருந்தா சந்தோஷம். குழல்?”

“மெல்லிசாவே போடு. மலை ஏறணும்.”

“யாரு, உன் மருமகனா மலை ஏறப் போறான்?”

“ஆமா. மிட்ச்சுக்குத்தானே செய்யறது. அவன் இடக்கைக்காரன்.”

“போன மாசம் இங்க வந்து வலது கையால என் பீரைக் குடிச்சானே.”

“பீருக்கு வலது. துப்பாக்கிக்கு இடது.”

“அது சரி. தோள்ல வைக்கற கட்டையோட நீளம் அளக்கணும். அவனைக் கூட்டிட்டு வா.”

“அவன் டகோட்டாவுல எண்ணெய்க் கிணத்து வேலையில கிடக்கான். என் கையை அள. அவனுக்கும் அதே அளவுதான்.”

“மிட்ச் உன்னைவிட அரை அடி உயரம்யா.”

“கை குட்டை.”

வென்டெல் நாடாவை எடுத்தார். ஹார்லனுடைய இடது முழங்கையை மடக்கி, விரல் நுனி வரைக்கும் நாடாவைப் பிடித்து அளந்தார். முப்பது வருஷப் பழக்கம். பொய் என்று தெரிந்தும் அளக்கிற அளவுக்குச் சிநேகம்.

பிறகு இழுப்பறையைத் திறந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு ரைபிளின் நடுப்பகுதி அது. தோட்டாவை ஏற்ற இழுத்துத் தள்ளுகிற போல்ட்டும், அது ஓடுகிற இரும்புக் கூடும். வழக்கமாக வலது பக்கம் இருக்கும் கைப்பிடி இதில் இடது பக்கம் இருந்தது. யாரோ செய்யச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று போனது.

“ஐடஹோக்காரன் ஒருத்தன் இதைக் கேட்டு உயிரை எடுக்கறான். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் உனக்காக வச்சிருப்பேன். பணம் கொண்டுவந்தா குழல் மாட்டி, கட்டை போட்டு, வேட்டை சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள சுடற மாதிரி தர்றேன். மரம் பாலிஷ் இல்லாம பச்சையாத்தான் இருக்கும்.”

“பச்சையா இருக்கட்டும்.”

“பணத்துக்கு என்ன பண்ணப் போறே?”

“என்னோடதை விக்கறேன்.”

வென்டெல் நாயைப் பார்த்தார். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பேச்சு உண்டு. நாயை விற்றாலும் விற்கலாம், நேராகச் சுடுகிற துப்பாக்கியை விற்கக் கூடாது என்று. ஹார்லனுடையது நேராகச் சுடுகிற துப்பாக்கி. மர ஆலையில் சேர்ந்த புதிதில், ஈரப் பலகை இழுத்துச் சம்பாதித்த முதல் கூலியில் வாங்கியது. ஆலை மூடிப் பல வருஷமாகிவிட்டது. அதில் வேலை பார்த்த ஆட்களில் பாதிப் பேர் ஊரில் இல்லை. துப்பாக்கி மட்டும் வாங்கின அன்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படி. அது சுட்ட எல்க் மான்களைத்தான் அந்த வீடு ஒவ்வொரு குளிர்காலமும் சாப்பிட்டது. மகள் கெய்லா அதைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தாள். இப்போது அவள் கைக்குழந்தையோடு வந்து அம்மா வீட்டில் இருக்கிறாள். குளிர்பெட்டியின் அடித்தகடு தெரிய ஆரம்பித்துவிட்டது.

விஷயம் இதுதான். பனி உருகின நாட்களில் ஹார்லனுடைய வலது கண்ணின் நடுவில் ஒரு அழுக்கு விழுந்தது. முதலில் கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்தார். பிறகு கண்ணைக் கசக்கினார். யாருக்கும் சொல்லாமல் மிசூலா நகரத்துக்குப் போய் மருத்துவரிடம் காட்டினார். நடுப்பார்வை போய்விட்டது, திரும்பாது என்றார் மருத்துவர். இடது கண்? அதுவும் போகலாம், போகாமலும் இருக்கலாம். சொல்ல முடியாது.

இடது கண் இருந்தால் வண்டி ஓட்டலாம், விறகு வெட்டலாம், சீட்டாடலாம். ஆனால் துப்பாக்கிமேல் குறி பார்க்கிற ஸ்கோப்பில் வலது கண்ணை வைத்தால், குறுக்குக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் உருண்டை. துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றிப் பார்த்தார். போல்ட் வலது பக்கம். ஒவ்வொரு தடவையும் மேலே கையை வளைத்து இழுக்க வேண்டும். இழுத்தால் சூடான காலித் தோட்டா மூக்குக்கு முன்னால் பறந்தது. முதல் குண்டு தப்பினால் இரண்டாவதுக்குள் மான் அடுத்த மலைக்குப் போய்விடும். இடக்கைத் துப்பாக்கி கடையில் ஒன்றுகூட இல்லை. வரவழைத்தால் கிறிஸ்துமஸ் ஆகும் என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு மான் சீசன் கிடையாது.

ஆக, ஒன்றை விற்றால்தான் இன்னொன்று. விற்பதும் கஷ்டமில்லை என்றுதான் நினைத்தார்.

அந்தப் பக்கத்தில் ரைபிள் விற்கிறவன் காகிதமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நூறு கஜத் தூரத்தில் அட்டையில் காகிதம் ஒட்டி வைத்து, வாங்குகிறவன் கண் முன்னால் மூன்று குண்டு சுட்டு, அந்தக் காகிதத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுத் தருவது வழக்கம். மூன்று ஓட்டையும் ஒரு காசுக்குள் அடங்கினால் பேரமே இல்லை. கேட்ட விலை.

கூரை வேலை செய்கிற ட்ராவிஸ் ரொம்ப நாளாக அந்தத் துப்பாக்கிமேல் கண் வைத்திருந்தான். செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் ஓடைக்கு மேலே இருக்கிற சரளைப் பள்ளத்துக்குப் போனார்கள். ஹார்லன் மேசையில் மணல் மூட்டை வைத்து உட்கார்ந்தார். இடது தோளில் வைத்தால் ஏன் என்று கேட்பான். வலது தோளிலேயே வைத்தார். கண்ணைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி, அந்த உருண்டையைத் தாண்டி, அட்டையின் விளிம்பைப் பார்த்து நடுவை மனதால் கணக்குப் போட்டுச் சுட்டார். மூன்று தடவை.

நடந்துபோய்ப் பார்த்தார்கள். ஒன்று மேலே இடது பக்கம். ஒன்று கீழே வலது மூலையில். மூன்றாவது காகிதத்திலேயே இல்லை.

ட்ராவிஸ் மரியாதை தெரிந்தவன். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

“குழல் தேஞ்சுபோச்சு போல, மிஸ்டர் ஸ்ட்ராண்ட்.”

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஹார்லன் வாயில் வந்தது வேறு.

“இருக்கலாம்,” என்றார்.

வண்டியில் திரும்பும்போது அந்தத் துப்பாக்கி பக்கத்து இருக்கையில் சாய்ந்திருந்தது. ஹார்லன் அந்தப் பக்கம் பார்க்காமலே ஓட்டினார். தனக்காகப் பழி ஏற்றுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறவரின் முகத்தை எப்படிப் பார்ப்பது? சாயங்காலத்துக்குள் காப்பிக் கடை வரைக்கும் செய்தி போய்விட்டது. ஸ்ட்ராண்டோட குழல் போச்சாம். இனி அதை அந்தப் பள்ளத்தாக்கில் யார் தொடுவார்கள்?

மனைவி பெவ்வுக்குக் காகிதம் அவர் சட்டைப் பையில் கிடைத்தது. துணி துவைக்கப் போட எடுத்தபோது. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சமையலறைக்கு வந்து, காகிதத்தை மேசைமேல் விரித்தாள். அவளும் மலையடிவாரத்துப் பெண். ஓட்டையைப் பார்த்தால் என்ன நடந்தது என்று தெரியும்.

“துப்பாக்கி இப்படிப் பண்ணாது. யாரு சுட்டது, காத்தா?”

“நான்தான்.”

“குடிச்சிருந்தியா?”

“இல்ல.”

பெவ் குழந்தையைக் கெய்லாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, தன் உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணை மூடினாள். கையில் பால் வாசனை.

“என்னைப் பாரு. நான் இப்ப என்ன பண்றேன்?”

ஹார்லன் பார்த்தார். ஒரு காது தெரிந்தது. கொஞ்சம் நரைத்த முடி தெரிந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

“சிரிக்கிறே,” என்றார்.

“நாக்கை நீட்டிட்டு இருக்கேன், மடையா.”

கையை எடுத்தபோது அவள் சிரிக்கவும் இல்லை, நாக்கை நீட்டவும் இல்லை. எழுந்துபோய் அடுப்பில் ஒன்றும் இல்லாத பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள்.

“எத்தனை நாளா?”

“பனி உருகினதுலருந்து.”

“என்கிட்ட சொல்லணும்னு தோணலை.”

“நாளைக்குச் சரியாயிடும்னு தினமும் தோணிச்சு.”

வென்டெல் வைத்திருக்கிற இடக்கைக் கூட்டைப் பற்றி, சனிக்கிழமைக் கெடுவைப் பற்றி எல்லாம் சொன்னார். பெவ் நின்றுகொண்டே கேட்டாள்.

“அந்தக் கண்ணும் போச்சுன்னா? பழசையும் வித்துட்டு, புதுசையும் வச்சுட்டு என்ன பண்ணுவே? சுவத்துல மாட்டித் தடவிப் பாப்பியா?”

“போற வரைக்கும் சுடுவேன். பெவ், குளிர்பெட்டியைத் திறந்து பாத்தியா? கெய்லா பால் குடுக்கறா. அவளுக்குக் கடையில கறி வாங்கிப் போட நம்மால ஆகுமா?”

“பழசை வச்சுக்கோ. நான் போறேன் மலைக்கு.”

“உன் முட்டி?”

அவள் கை முட்டிக்குப் போயிற்று. மாடிப்படி ஏறுவதற்கே கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறவள்.

“முட்டி எனக்கு, கண்ணு உனக்கு,” என்றாள் கடைசியில். “ரெண்டு பேரையும் சேத்து ஒட்டினா ஒரு வேட்டைக்காரன் தேறுவான். சரி. அந்தப் பையன்கிட்ட நடந்ததைச் சொல்லிடு. துப்பாக்கி நல்லாருக்கு, கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு. நான் வந்து மூணு குண்டு சுட்டுக் காட்டறேன். வாங்கிட்டுப் போகட்டும்.”

“கண்ணுன்னு சொல்ல முடியாது.”

“ஏன், கௌரவமா?”

ஹார்லன் கையை நீட்டி அலமாரியைக் காட்டினார்.

அலமாரியில் ஹக்கிள்பெர்ரி ஜாம் பாட்டில்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் புகையிட்ட மீன் பொட்டலங்கள், யாரோ கொடுத்த தேன், வீட்டில் போட்ட ஊறுகாய். இந்த இலையுதிர் காலத்தில் வந்தவை. ஒவ்வொரு செப்டம்பரும் பள்ளத்தாக்கில் இருக்கிறவர்கள் சீசனுக்கு முன்னால் தங்கள் ரைபிளை ஹார்லனிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் சரளைப் பள்ளத்தில் உட்கார்ந்து ஸ்கோப்பைத் திருகித் திருகிக் குறியைச் சரிபார்த்துத் தருவார். காசு வாங்க மாட்டார். பாட்டில்தான். ஆலை மூடினபிறகு ஊரில் அவருக்கு இருந்த ஒரே பெயர் அது. ஹார்லன் பார்த்தாரா, அப்ப சரி என்பார்கள்.

இந்த வருஷமும் பார்த்தார். இந்தக் கண்ணால். ஓரமாகப் பார்த்து, நடுவைக் கணக்குப் போட்டு. ஓரமாகப் பார்த்தால் குறி நகரும் என்பது அவருக்குத் தெரியாததா? நிதானமாகத்தானே சுட்டோம், சரியாகத்தான் இருக்கும் என்று ஒவ்வொரு பாட்டிலையும் வாங்கி அலமாரியில் வைத்தார்.

பெவ் பாட்டில்களைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

“கடவுளே,” என்றாள். “எல்லாமா?”

“எல்லாம் கோணல்னு சொல்ல முடியாது. சிலது சரியா இருக்கலாம்.”

“சிலது.”

“சொன்னா என்ன ஆகும் தெரியுமா? நான் யாரு அப்புறம்? விறகு விக்கற குருடன்.”

மறுநாள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது பெவ்வே ஆரம்பித்தாள். ட்ராவிஸைத் திரும்பக் கூப்பிடலாம். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல், கை நடுங்கிற்று என்று சொல்லலாம். பொய்தான். ஆனால் துப்பாக்கி நல்ல துப்பாக்கி என்பது பொய்யில்லையே. வாங்குகிறவனுக்கு நஷ்டமில்லை. மற்றவர்களுடையதைப் பிறகு யோசிக்கலாம். சொல்லிவிட்டு அவளே முகத்தைச் சுளித்தாள். குழந்தை ஐடா தண்ணீரைக் காலால் அடித்து அவள் முகத்தில் தெளித்தது. பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன உதை. எலும்பு முழுக்கப் பால்.

“சரியான அடி,” என்றாள் பெவ், முகத்தைத் துடைக்காமல்.

சனிக்கிழமை விடிந்ததும் நல்ல குளிர். புல்லெல்லாம் வெள்ளை. ட்ராவிஸ் சரளைப் பள்ளத்துக்கு மனசில்லாமல்தான் வந்தான். வண்டியிலிருந்து இறங்காமல், ஜன்னலை மட்டும் இறக்கினான்.

“மிசஸ் ஸ்ட்ராண்ட் கூப்பிட்டதால வந்தேன். தேஞ்ச குழலை யாரு சுட்டாலும் ஒண்ணுதான்.”

“இறங்கி வாடா,” என்றாள் பெவ். “உங்கம்மா வயசு எனக்கு. உட்கார்ந்துகிட்டே பேசறே. அன்னைக்கு இவருக்குக் காய்ச்சல். கை ஆட்டம். இன்னைக்கு நான் சுடறேன். பிடிக்கலைன்னா போ.”

கெய்லா தூங்கட்டும் என்று குழந்தையையும் தூக்கிவந்திருந்தார்கள். ஹார்லன் ஐடாவை எடுத்துக்கொண்டு பாதை வளைவுக்கு அப்பால், பள்ளத்தின் மேடு மறைக்கிற இடத்துக்கு நடந்தார். தன் கம்பளிச் சட்டைக்குள் அவளைப் போர்த்தி, இரண்டு உள்ளங்கையாலும் அந்தச் சின்னக் காதுகளை மூடிக்கொண்டார். சட்டைக்குள்ளே குழந்தை வெதுவெதுப்பாக மூச்சு விட்டது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வெடி. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று. பெவ் அவசரப்பட மாட்டாள். மூன்றாவது.

குழந்தை முழிக்கவில்லை. நூறு கஜம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிற நேரம் ஆகட்டும் என்று நின்றார். பிறகு ட்ராவிஸின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவர் திரும்பி வந்தபோது காகிதம் வண்டியின் முன்மூடிமேல் கிடந்தது. மூன்று ஓட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, மூன்று இதழ் க்ளோவர் இலை மாதிரி. ட்ராவிஸ் அதன்மேல் ஒரு ஐந்து சென்ட் நிக்கல் காசை வைத்து மூடிப் பார்த்து, எடுத்து, மறுபடி மூடிப் பார்த்தான்.

“யம்மா,” என்றான். “உங்களைக் கட்டினவர் பாவம், சண்டை போட முடியாது.”

“போட்டுப் பாக்கறார்,” என்றாள் பெவ். தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ட்ராவிஸ் உறையிலிருந்து பணத்தை எடுத்துக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்து, காற்றில் பறக்காமல் காசையும் மேலே வைத்தான். கேட்ட விலை. மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. வென்டெல் கொட்டகை பத்து நிமிஷ ஓட்டம். ஹார்லனுக்கு நிம்மதி.

“நல்லதாப் போச்சு,” என்றான் ட்ராவிஸ், துப்பாக்கியைத் தடவிக்கொண்டே. “இது கிடைக்காட்டி அப்பாவோடதை வாங்கிக்கலாம்னு இருந்தேன். அவர் தன்னோடதை விக்கப் போறாராம்.”

“ஜீன் விக்கறானா?” என்றார் ஹார்லன். “ஏன்?”

“போன வாரம் கிழக்கே போனாரில்ல, புல்வெளி மானுக்கு. அசையாம நிக்குதாம். நிதானமா வச்சு அழுத்தினாராம். வயித்துல பட்டுடுச்சு. பொழுது சாயற வரைக்கும் ரத்தத்தைத் தேடியிருக்கார், கிடைக்கலை. வீட்டுக்கு வந்ததுலருந்து யார்கூடவும் பேசறதில்ல. எனக்கு வயசாயிடுச்சு, இனிமே ஒரு உயிரைச் சித்திரவதை பண்ண மாட்டேங்கறார். துப்பாக்கி மேல தப்பிருக்கும்ப்பான்னேன். ‘வாயை மூடு, அது ஹார்லன் பாத்துக் குடுத்தது’ன்னார்.”

பெவ் காலித் தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

ஜீன் கொடுத்த பாட்டில் எது என்று ஹார்லனுக்குத் தெரியும். சிவப்பு மூடி போட்டது. பாதி தின்றாகிவிட்டது.

பணம் அங்கேயே இருந்தது. எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜீனுக்கு வருத்தம் சொன்னதாகச் சொல் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஜீன் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான். அடுத்த சனிக்கிழமை சீசன் ஆரம்பிக்கும். எல்லாரும் மலைக்குப் போவார்கள், அவர் பார்த்துக்கொடுத்ததை நம்பி.

“எனக்குக் காய்ச்சல் இல்ல,” என்றார் ஹார்லன்.

ட்ராவிஸ் நிமிர்ந்தான்.

“செவ்வாய்க்கிழமை. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வலது கண்ணு போச்சு எனக்கு. வசந்தத்துலயே. உங்கப்பா துப்பாக்கியை அந்தக் கண்ணாலதான் பாத்தேன்.”

ட்ராவிஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்தபோது அவன் முகத்தில் இருந்த பையன் போய்விட்டான்.

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சும் தெரியாத மாதிரி.”

“அவரு அழுதாரு,” என்றான் ட்ராவிஸ். “எங்கப்பா அழுது நான் பாத்ததே இல்ல.”

சட்டைக்குள் குழந்தை முழித்துக்கொண்டு முனகிற்று. பெவ் வந்து பக்கத்தில் நின்றாள். அவரைத் தொடவில்லை.

ட்ராவிஸ் முன்மூடிமேல் இருந்த பணத்தைப் பார்த்தான். கையை அதன் பக்கத்தில் கொண்டுபோனான். அவன் எடுத்துக்கொண்டால் கேட்க ஹார்லனுக்கு வாய் கிடையாது. எடுத்துக்கொண்டால் இடக்கைக் கூடு ஐடஹோவுக்குப் போகும். அந்த வருஷம் மலையும் இல்லை, கறியும் இல்லை, பெயரும் இல்லை. அவன் காகிதத்தை மட்டும் எடுத்தான். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, துப்பாக்கியைக் கொண்டுபோய்த் தன் வண்டியின் இருக்கைக்குப் பின்னால் படுக்கவைத்தான். கதவைச் சாத்திய சத்தம் பலமாக இருந்தது.

“இன்னும் யார் யாரோடது?” என்றான், திரும்பிப் பார்க்காமல்.

“எங்கிட்ட வந்ததெல்லாம்.”

“அடுத்த வாரம் சீசன், மிஸ்டர் ஸ்ட்ராண்ட்.”

“தெரியும்.” ஹார்லன் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். “முதல்ல நான் உங்கப்பா வீட்டுக்கு வர்றேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். அப்புறம் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லு, காப்பிக் கடையிலயும் சொல்லு, அவங்கவங்க துப்பாக்கியை எடுத்துகிட்டு நாளைக்கே இங்க வரட்டும். சுடறது பெவ். நான் பாப்பாவைப் பிடிச்சுக்கறேன்.”